காசைக் குலுக்கிய சொல்

இளைஞர்கள் வாயில் இப்போது அடிக்கடி வரும் ஆங்கிலச் சொல் ‘ஹஸில்’. எழுத்தில் நடுவே ஒரு ‘டி’ இருக்கும், உச்சரிப்பில் வராது. அலுவலகம் போக மீதி நேரத்தில் இன்னொரு வேலை செய்து சம்பாதித்தால் அது ‘சைடு ஹஸில்’. பெருமையாகவே சொல்கிறார்கள்.

ஆனால் அகராதியைப் புரட்டினால் இந்த வினைச்சொல்லுக்கு முரட்டுத்தனமாக இடித்துத் தள்ளுவது என்றும் பொருள் இருக்கிறது. ஒருவரைக் கூட்டத்திலிருந்து நெட்டித் தள்ளி அவசரமாகக் காரில் ஏற்றுவதற்கும் இதே சொல்தான். தள்ளுமுள்ளுக்கும் சம்பாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தேடியதில், 300 ஆண்டுக் கதை ஒன்று கிடைத்தது.

இதன் பிறப்பிடம் டச்சு மொழி. அங்கே குலுக்குவது என்று பொருள். 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ‘ஹஸில் கேப்’ என்று ஒரு சூதாட்டம் இருந்தது. காசுகளைத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கிக் கொட்டி, தலையா பூவா என்று பார்ப்பார்கள். குலுங்கியது காசு மட்டும்தான்.

18-ம் நூற்றாண்டின் நடுவில், காசைக் குலுக்கிய சொல் ஆளையே குலுக்கத் தொடங்கியது. கூட்டத்தில் ஒருவன் இடிப்பான், இன்னொருவன் முண்டுவான், தடுமாறுகிறவரின் பையை மூன்றாமவன் காலி செய்வான். நம் ஊர்த் திருவிழாக்களிலும் பஸ் நிலையங்களிலும் பார்க்காததா! 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘ஹஸ்லர்’ என்றாலே இப்படிப்பட்ட திருடன்தான். விளையாட்டல்ல இது. ஒருவர் அறியாமல் அவரிடமிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேல் திருடினால் இங்கிலாந்தில் தூக்குத் தண்டனை வரை போகலாம். சாமுவேல் ரோமிலியின் முயற்சியால் 1808-ல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு மறுவாழ்வு கிடைத்தது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ‘ஹஸ்லர்’ என்றால் சுறுசுறுப்பான உழைப்பாளி, முட்டிமோதி முன்னேறுபவர். ஆனாலும் பழைய வாடை முழுக்கப் போகவில்லை. 1961-ல் பால் நியூமன் நடித்த ‘தி ஹஸ்லர்’ படத்தின் நாயகன், பந்தயம் கட்டிப் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம் ஆடிப் பணம் பார்ப்பவன்.

இந்தக் கதையில் எனக்குப் பட்டது இதுதான். முதலில் காசு குலுங்கியது. பிறகு கூட்டத்தில் முன்பின் தெரியாதவர் தள்ளப்பட்டார். பிறகு பந்தயத்தில் எதிராளி ஏமாந்தார். இன்றைய ‘ஹஸில்’ வேறு யாரையும் தள்ளுவதில்லை. தள்ளுபவரும் தள்ளப்படுபவரும் ஒரே ஆள்தான்.

எங்கள் தெருவில் ஒரு பையன், பகலில் அலுவலகம், இரவு 11 மணி வரை சாப்பாடு டெலிவரி. ‘சைடு ஹஸில், அங்கிள்’ என்று சிரிப்பான், கண்ணில் தூக்கம் சொக்கும். நம் காலத்திலும் மாலையில் டியூஷன் எடுத்தோம், மனைவி பெயரில் இன்ஷூரன்ஸ் ஏஜென்சி வைத்திருந்தோம். அதைக் கஷ்டம் என்றுதான் சொன்னோம், மினுக்கான பெயர் வைக்கவில்லை. கஷ்டம் என்று சொன்னால், ‘கொஞ்சம் ஓய்வெடுப்பா’ என்று யாராவது சொல்வார்கள். ‘ஹஸில்’ என்று சொன்னால் கைதட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். தூங்கினாயா என்றும் கேளுங்கள்.