கேள்வி நேரமும் ஊர்க் கிணறும்

பழைய சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளைப் படிப்பதென்றால் தூக்க மாத்திரை சாப்பிடுகிற மாதிரி என்று நம் வகுப்புத் தோழர்களே கேலி செய்வார்கள். சரித்திரம் படித்தவன் என்கிற உரிமையில், அந்தத் தூக்க மாத்திரையைப் பற்றியே எழுத மலர்க் குழுவினரிடம் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நான் செம்பரம்பாக்கத்துக்காரன். ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் ஏரிதான் ஞாபகம் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்! அதனால்தானோ என்னவோ, சட்டசபைப் புத்தகத்தைத் திறந்தாலும் என் கண் ஏரி, கிணறு, தெரு என்ற சொற்களைத்தான் தேடும்.

சென்னை மாகாணத்துக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு சட்டசபை கிடைத்தது. பேருக்குத்தான் சபை. கவர்னர் நியமித்தவர்கள் வருவார்கள், முன்னால் வைத்த மசோதாவைப் பற்றிப் பேசுவார்கள், போவார்கள். அரசாங்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க முடியாது. அந்த உரிமை 1892இல்தான் வந்தது. அதுவும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட வேண்டும். "அப்படியானால்..." என்று மடக்குகிற துணைக் கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் முதல் கேள்வியைக் கேட்டவர் மட்டுமே அதைக் கேட்கலாம். பொது விஷயங்களில் தீர்மானம் கொண்டுவரும் வாய்ப்பும் அந்தச் சீர்திருத்தத்தில்தான் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், இரண்டாவது கேள்வி கேட்க நம் முன்னோருக்கு 48 வருஷம் பிடித்திருக்கிறது!

அடுத்து 1919ஆம் ஆண்டுச் சட்டம். 1920இல் தேர்தல் நடந்து, 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் புதிய சபையைத் தொடங்கி வைத்தார். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. இரட்டை ஆட்சி என்று பரீட்சைக்கு நாம் உருப்போட்டோமே, அது இப்போதுதான் ஆரம்பம். எங்கள் ஊரை வைத்தே அதை விளக்கிவிடலாம். ஏரிக் கரையும் மதகும் பாசனத்தைச் சேர்ந்தவை. பாசனம் 'ஒதுக்கப்பட்ட' இலாகா. அதற்குப் பதில் சொல்பவர் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர். 1923 முதல் சில ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஊர்க் கிணறும் ஊர்ச் சாலையும் உள்ளாட்சியைச் சேர்ந்தவை. அது 'மாற்றப்பட்ட' இலாகா. அதற்குப் பதில் சொல்பவர் மந்திரி பனகல் ராஜா. தண்ணீர் ஒன்றுதான், ஏரியில் கிடந்தால் ஒருவர், கிணற்றில் கிடந்தால் இன்னொருவர்!

சபை கூடியது ஜார்ஜ் கோட்டைக்குள். நடவடிக்கை ஆங்கிலத்தில், ஆங்கிலம் சரளமாக வராத உறுப்பினர் தம் தாய்மொழியில் பேசலாம் என்றும் விதி இருந்தது. முதலில் கேள்விகள், பிறகு தீர்மானங்கள், மசோதாக்கள், மானியக் கோரிக்கைகள். 1924இல் தலைவர் ஆசனத்தில் இருந்தவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கல்வெட்டுத் தேதிகளைச் சரிபார்க்க நாம் இன்றும் புரட்டுகிற அந்தப் பெரிய பஞ்சாங்கக் கணக்கை எழுதியவர் அவர்தான்.

அந்த வருஷத்து வழக்கமான அலுவல்களின் நடுவே ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் நியமன உறுப்பினர் ரெட்டமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். எங்கள் ஊரும் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம்தான். 1893இல் 'பறையன்' என்று தைரியமாகப் பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர். தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் கேட்டது ரொம்பச் சாதாரண விஷயம். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச் சாலையில், தெருவில் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொது இடங்களுக்குப் போகலாம். இதற்கு ஆட்சேபம் இல்லை என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டும். அவ்வளவுதான். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையாகவும் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆர். வீரையனும் இதே உரிமைக்காகச் சபையில் விடாமல் குரல் கொடுத்தார்.

தெருவில் நடக்க ஒரு தீர்மானமா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். ஆமாம், வேண்டியிருந்தது. வரி கொடுக்கிறவன் பணத்தில் வெட்டிய கிணற்றில் அவனே குடத்தை இறக்க முடியாத காலம் அது.

பம்பாயிலும் இதே கதைதான். 1923இல் எஸ்.கே. போலே அங்கே சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுக் குளங்கள் எல்லாருக்கும் என்பது காகிதத்தில் ஏறியது. குளத்தில் ஒன்றும் மாறவில்லை. 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துக்கொண்டு மஹாட் சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சபைக் குறிப்பில் இருந்த ஒரு வரிதான் அவர் கையில் இருந்த அத்தாட்சி. தீர்மானம் மட்டும் போதாது. ஆனால் தீர்மானம் இல்லாமல் எதைக் காட்டி நியாயம் கேட்பது?

நம் மாகாணத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூக இடையூறுகள் நீக்கச் சட்டம் 1938இல் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் என்று ஒரு வரிசை இருக்கும். 1924ஆம் வருஷத்துத் தீர்மானத்தைப் படித்தவனுக்கு அது பழகிய வரிசை. சாசனத்தில் எதற்குக் கிணறும் குளமும் என்று நானே மாணவப் பருவத்தில் வியந்ததுண்டு. காரணம் இந்தச் சபைக் குறிப்புகளில்தான் கிடைத்தது.

இன்று ஒரகடம் பக்கம் ஆலைகளில் ஷிப்ட் முடிந்து வருகிற பையன்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்து கிடந்த செய்தியையும் நாம் படித்தோமே! சீனிவாசன் எழுப்பிய விஷயத்தை முடிந்துபோன சரித்திரம் என்று மூடி வைக்க மனம் வரவில்லை.

நண்பர்களே, பிள்ளைகளைப் போட்டித் தேர்வுக்குத் தயார் செய்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சட்டங்களின் வருஷங்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் கூட்டிப்போய், பழைய சபைக் குறிப்பு ஒன்றைக் கையில் கொடுங்கள். கொட்டாவி வந்தால் வரட்டும். நாலு பக்கம் தள்ளி, அவர்கள் பாட்டன் நடந்த தெரு அதில் இருக்கும்.