பதினாறாம் வயதின் வாயில்

நம் பிள்ளைகள் எழுதும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. அவற்றுள் புகுவோரைத் தெரிந்தெடுக்க ஏற்பட்டதே மெட்ரிகுலேஷன் தேர்வு. கல்லூரிக்கென வைத்த வாயில் நாளடைவில் அலுவலகங்களுக்கும் வாயிலாயிற்று. தந்தையின் தொழிலே மகனுக்கும் என்றிருந்த நாட்டில், மீசை அரும்பும் பருவத்து இளைஞன் வேறொரு பிழைப்பைத் தேட அது வழிவிட்டது. பெண்மக்களுக்கு அவ்வாயில் திறக்க மேலும் இருபது ஆண்டுகள் சென்றன.

காந்தியடிகள் 1887இல், தமது பதினெட்டாம் வயதில், இத்தேர்வை எழுதினார். பம்பாயிலும் அகமதாபாத்திலும் தேர்வு நடந்தது. கத்தியவார் மாணவர்கள் வறுமையால், அருகில் உள்ளதும் செலவு குறைந்ததுமான அகமதாபாத்தையே நாடினர். இராஜகோட்டிலிருந்து அந்நகருக்குத் துணையின்றித் தாம் சென்ற முதற் பயணம் அதுவே என்று அவர் எழுதியுள்ளார். பதின்மூன்றாம் வயதிலேயே மணம் முடிந்தவர். ஆயினும் அவரைத் தனியே அந்நகருக்கு அனுப்பியது தேர்வுதான்!

கும்பகோணத்து இராமானுஜன் 1903இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மறு ஆண்டு உதவித்தொகையுடன் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களிற் கோட்டைவிட்டமையால் உதவித்தொகை போயிற்று; எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியே. பின்னர்ச் சென்னைப் போர்ட் டிரஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தபோது, மெட்ரிகுலேஷன் தேறியதையே தகுதியாகக் காட்ட முடிந்தது. 1912 மார்ச்சில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கு எழுத்தரானார். பேராசிரியர் ஹார்டிக்கு 1913 சனவரியில் எழுதிய கடிதத்திலும் தம்மை அவ்வலுவலக எழுத்தர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். அத்தகைய மேதையையே தடுக்கி விழச்செய்த தேர்வுமுறை, சாதாரண இளைஞரை என் செய்திராது?

யானும் எழுத்தனே, இராமானுஜன் அல்லேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றையே நம்பி இரயிலேறி இவ்வூர் வந்தேன். இரயில்வே பணிப்பதிவேட்டில் என் பிறந்த தேதியும் அதைப் பார்த்தே எழுதப்பெற்றது. ஓய்வுபெறும் நாளும் அதன்படியே. ஆனால் என்னுடன் படித்துத் தவறியவர் சிலர் மறுமுறை எழுதவேயில்லை. வீட்டில் எவரும் திட்டவில்லை; எழுதச் சொல்லவுமில்லை.

நம் குடியிருப்பிலும் இவ்வாண்டு மூவர் தவறியுள்ளனர். சங்கக் கட்டடத்தின் பின்னறையை மாலைதோறும் அவர்கள் படிக்கத் திறந்துவிட வேண்டுமெனச் செயற்குழுவிடம் விண்ணப்பித்துள்ளேன். ஆங்கிலமும் கணக்கும் யான் சொல்லித்தருவேன். அறிவியலுக்கு ஓர் அன்பர் முன்வர வேண்டும்.