தோல்வியை இடம்மாற்றிய வரலாறு: ஏகபரிமாண ஒளியியற் குவாண்டம் படலைகள்

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் நிரலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவி தவறும்போது யாது செய்யப்பட்டது என்னும் வினா அதில் அரிதாகவே இடம்பெறுகின்றது. ஒளியைக்கொண்டு குவாண்டம் கணனியை ஆக்க முனைந்தோரின் வரலாறு அவ்வினாவையே மையமாகக் கொண்டது என்பதை இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

ஒளித்துணிக்கைகள் சூழலுடன் எளிதில் ஊடாடுவதில்லை. எனவே தகவலைச் சிதையாது காவ வல்லன. ஆயின், அக்குணமே இடையூறும் ஆயிற்று. தருக்கப் படலையொன்றில் ஒரு துணிக்கை மற்றொன்றின் நிலையைப் பாதித்தல் வேண்டும். ஒளித்துணிக்கைகளோ ஒன்றையொன்று பாதியாது கடந்து செல்கின்றன. 1989இல் மில்பேண் முன்வைத்த படலை கேர் விளைவை நம்பியிருந்தது. தனித்துணிக்கை மட்டத்தில் அவ்விளைவு மிக நலிந்ததாகும்.

2001இல் நில், லஃப்லாம், மில்பேண் ஆகிய மூவரும் மாற்றுவழியொன்றைக் காட்டினர். தனித்துணிக்கை மூலங்கள், கற்றைபிரிப்பிகள், அவத்தைமாற்றிகள், உணரிகள் ஆகியனவே போதுமானவை. துணைத் துணிக்கைகளை அளக்கும் செயலே ஊடாட்டத்தின் பணியை ஆற்றும் என்றனர். ஆயின், அடிப்படைக் குறிமாற்றப் படலை வெற்றிபெறும் நிகழ்தகவு 1/4 மட்டுமே. அத்தகைய இரண்டினால் ஆகும் இணைப்புப் படலைக்கு அது 1/16. பத்துப் படலைகளைத் தொடராக இணைப்பின், ஏறத்தாழ இலட்சம் கோடி முயற்சிகளில் ஒன்றே வெற்றிபெறும்.

இவ்விடத்தில் கொட்ஸ்மன், சுவாங் ஆகியோரின் 1999ஆம் ஆண்டுக் கருத்து உதவிற்று. படலையை முதலிற் துணைத் துணிக்கைகள் மீது முயலவேண்டும். அது வெற்றிபெற்ற பின்னரே, தொலைப்பெயர்ச்சி வாயிலாகத் தகவலை அதனுட் செலுத்தவேண்டும். ஆயத்தத்தில் நேரும் தோல்வி தகவலைத் தீண்டுவதில்லை. தொலைப்பெயர்ச்சியும் தவறக்கூடியதே; எனினும் துணைத் துணிக்கைகள் பெருகப் பெருகப் படலையின் வெற்றி n²/(n+1)² என உயரும். n இரண்டாயின் 4/9, ஒன்பதாயின் 81/100. மேலும், தவறு நேர்ந்தமை உடன் அறியப்படுவதாற் பிழைதிருத்தக் குறிமுறையால் அதனைச் சீராக்கலாம்.

2003இல் ஓபிரையனும் குழுவினரும் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஒளியியற் படலையொன்றைச் செயற்படுத்திக் காட்டினர். அதன் வெற்றி நிகழ்தகவு 1/9. இறுதியில் துணிக்கைகளை உணர்ந்த பின்னரே வெற்றி தெரியவந்தது. ஆதலால் அப்படலைகளை விரும்பியவாறு தொடுத்தல் இயலாதிருந்தது. செயற்படுதல் வேறு, நம்பகமாதல் வேறு.

2004இல் நீல்சனும், 2005இல் பிறவுண், றுடோல்ப் ஆகியோரும் பிணைந்த துணிக்கைகளின் கொத்துகளை முன்கூட்டியே வளர்த்தெடுக்கும் முறைகளை வகுத்தனர். இணைப்பு தவறின் கொத்தின் சிறுபகுதியே இழக்கப்படும். எஞ்சியதிலிருந்து மீண்டும் வளர்க்கலாம். இதனால் தேவைப்படும் வளங்களும் பெரிதுங் குறைந்தன.

ஆகவே, நம்பகத்தன்மை தோல்வியை ஒழித்ததாற் கிட்டியதன்று. அதனை அறியத்தக்கதாகவும், கேடு விளைக்காத இடத்தில் நிகழ்வதாகவும் ஆக்கியதாற் கிட்டியது. அறிவிப்பின்றி மறையும் துணிக்கையிழப்பு இன்றும் பெருந்தடையாயிருப்பது இதனையே உறுதிசெய்கின்றது. தத்தம் முறையின் குறைபாட்டை எண்ணளவில் மறையாது வெளியிட்டோரின் நேர்மையே அடுத்து வந்தோருக்கு அடித்தளமாயிற்று. விஞ்ஞானத்தைத் தனிமனித மேதைமையின் விளைவாகக் காண்போர் இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளுதல் தகும்.