ரேட்டிங் முதலா, வேலை முதலா?

ஆலங்காயம் பக்கம் தோல் கம்பெனியில் சேருகிற பையனிடம், "மெஷின் ஓட்ட நீயே காசு கட்டிக் கத்துக்கிட்டு வா"ன்னு யாரும் சொல்வதில்லை. விமானியிடம் சொல்கிறார்கள்.

1953-ல் தேசியமயமான பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ் ஆளைத் தேர்வு செய்து, ஐதராபாத்திலிருந்த தன் பயிற்சி மையத்தில் தானே பழக்கியது. 1994-ல் அந்தச் சட்டம் போய் தனியார் பெருகினார்கள். செலவு மெல்ல வீட்டார் தலையில் இறங்கியது.

200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கினாலும் ஏ320-க்குத் தனி ரேட்டிங், போயிங் 737-க்குத் தனி. ஒன்று மற்றதற்குச் செல்லாது. வேலை கைக்கு வருமுன் இதுக்காக நிலத்தை அடமானம் வைப்பது சூதாட்டம்தான், என் கணக்கில். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, அனுபவமுள்ள 737 விமானிகளே வேலை தேடி அலைந்தார்கள். அவர்களுக்கு நடுவே, சொந்தக் காசில் அதே ரேட்டிங் வாங்கிய புதுப் பையனை யார் கூப்பிடுவார்கள்? சும்மா இருந்தால் அதுவும் காலாவதியாகும். புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டர், மறுபடி பணம்.