வீட்டுக்குப் புதிய கிளி வருகிறதா? பழைய கிளியைப் பழக்குவது எப்படி?

காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். வீட்டில் கிளி மட்டும் தனியாக.

"பாவம், துணைக்கு இன்னொன்னு வாங்கிடலாமே?"

பல வீடுகளில் இரண்டாவது கிளி இப்படித்தான் வந்து சேர்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கிளிக்கு அது எப்படித் தெரியும்?

அதைப் பொறுத்தவரை கூண்டு, சன்னலோரம், உங்கள் தோள் எல்லாமே அதன் இடம். திடீரென்று அங்கே இன்னொரு பறவை. அவசரப்பட்டால் சண்டையில் காயம் ஏற்படலாம், நோய் தொற்றலாம். மன உளைச்சலில் கிளி தன் இறகையே பிடுங்கத் தொடங்கலாம்.

படிப்படியாகச் செய்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

வாங்குவதற்கு முன்...

கிளிகள் இயற்கையில் கூட்டமாக வாழ்பவை. தனிமை அவற்றுக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டாவது கிளி உங்கள் நேரத்துக்கு மாற்று ஆகாது.

சில கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்:

- இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், காலம் முழுக்க இரண்டு கூண்டு வைக்க இடம் இருக்கிறதா?
- இரண்டையும் தனித்தனியாக வெளியே விட்டு விளையாட நேரம் இருக்கிறதா?
- சன் கோனூர் போன்ற கிளிகளின் சத்தம் காதைத் துளைக்கும். அடுக்குமாடி வீட்டில் அண்டைவீட்டார் தாங்குவார்களா?
- இரண்டும் நெருங்கிவிட்டால் உங்களிடம் வருவது குறையலாம். பரவாயில்லையா?

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடைகளில் வாங்குவதே பாதுகாப்பு. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு அந்த உரிமங்களைத் தருகிறது.

கிளி வகைகளில் பெரும்பாலானவை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்பாட்டின்கீழ் வருகின்றன. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 ஜனவரியிலிருந்து அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அதனால் வாங்குமுன் ஆவணங்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கட்டம்: தனி அறை

புதிய கிளியைக் கொண்டு வந்தவுடன் பழைய கிளியிடம் காட்டவேண்டும் என்று ஆசையாக இருக்கும். வேண்டாம்!

குறைந்தது 30 நாள், முடிந்தால் 45 நாள், புதிய கிளி வேறோர் அறையில் இருக்கவேண்டும். ஏன்?

பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். பார்க்க நன்றாக இருக்கும் கிளியிடமும் நோய் இருக்கலாம். குறிப்பாக இரண்டு நோய்களைக் கவனிக்கவேண்டும்.

- கிளிக்காய்ச்சல்: கிருமி கலந்த காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பதால் மனிதருக்கும் தொற்றும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வரலாம். சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் கிளி இருப்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.
- அலகு, இறகு நோய்: கிருமியால் வருவது. இறகு உதிரும், அலகு உருக்குலையும். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் கிளிக்கு இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் புதிய கிளியைக் காட்டி, இந்த நோய்களுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இந்த நாள்களில் தினமும் பழைய கிளிக்கு முதலில் உணவு வையுங்கள், புதியதற்கு அப்புறம். இடையில் கைகழுவுங்கள், சட்டையை மாற்றுங்கள். கிண்ணம், பொம்மை எதையும் மாற்றிப் போடவேண்டாம். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

இடம் இல்லை என்று காற்றோட்டமில்லாத சாமான் அறையில் வைத்துவிடாதீர்கள். படுக்கையறை ஒன்றின் கதவைச் சாத்தி வைத்தாலே நல்லது.

இரண்டாம் கட்டம்: ஒரே அறை, இரு கூண்டு

பரிசோதனை முடிவு சரியாக இருந்தால் இரு கூண்டுகளையும் ஒரே அறைக்குக் கொண்டுவரலாம். ஆனால் பக்கத்தில் ஒட்டி வேண்டாம். அறையின் இரு மூலைகளில் வைத்து, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள்.

புதிய கிளியின் கூண்டைப் பழையதன் இடத்தில் வைக்கவே வேண்டாம். உணவு, கொஞ்சல், இரவு வணக்கம் எல்லாமே பழைய கிளிக்குத்தான் முதலில். "நம்ம இடம் போகல" என்று அதற்குத் தெரியவேண்டும்.

இன்னொரு நல்ல வழி: புதிய கிளி எதிரில் இருக்கும்போது மட்டும் பழைய கிளிக்குப் பிடித்த சூரியகாந்தி விதை கொடுங்கள். அது வந்தால் நல்லது நடக்கும் என்று கிளி கற்றுக்கொள்ளும்.

மூன்றாம் கட்டம்: நேரில் சந்திப்பு

முதல் சந்திப்பு யாருடைய கூண்டிலும் நடக்கக்கூடாது. இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் தனி நிற்குமேடை வையுங்கள். சன்னலை மூடுங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். 5 நிமிடம் போதும். மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம்.

கிளி என்ன சொல்கிறது?

- நல்ல அறிகுறி: ஒரே நேரத்தில் சாப்பிடுவது, இறகு கோதுவது, ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுப்பது
- எச்சரிக்கை: கண்மணி சட்டென்று சுருங்கி விரிவது, வாலை விசிறிபோல் விரிப்பது, கழுத்து இறகு சிலிர்ப்பது, அலகைத் திறந்தபடி முன்னால் பாய்வது

எச்சரிக்கை தெரிந்தால் கையை நடுவே நீட்டாதீர்கள். கடி உங்களுக்குத்தான்! ஓர் அட்டையையோ துண்டையோ இடையில் வைத்துப் பிரியுங்கள். திட்டவேண்டாம். ஒரு படி பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள்.

எல்லாக் கிளிகளும் சேருமா?

உருவ வித்தியாசம் முக்கியம். பெரிய கிளி ஒரே கடியில் சின்னக் கிளியின் கால்விரலைத் துண்டித்துவிடும், கூண்டுக் கம்பி வழியாகக்கூட. மக்காவையும் பட்ஜியையும் ஒன்றாக வெளியே விடாதீர்கள்.

காக்கட்டூ, காக்கட்டீல், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவற்றின் இறகிலிருந்து வெள்ளைத் தூள் நிறைய உதிரும். அது மக்காவின் நுரையீரலைப் பாதிக்கலாம். அவற்றை ஒரே அறையில் வைப்பதைத் தவிர்க்கவேண்டும்.

எப்போது மருத்துவரிடம்?

சமையலறைத் தராசில் பழைய கிளியின் எடையைத் தினமும் காலையில் குறித்து வையுங்கள். 10 விழுக்காடு குறைந்தால் காத்திருக்கவேண்டாம். இறகைப் பிடுங்குவது, சாப்பிடாமல் இருப்பது, உப்பிய உடலோடு கூண்டின் அடியில் உட்காருவது ஆகியவையும் அவசர அறிகுறிகள்.

எவ்வளவு நாளாகும்? சில கிளிகள் சில வாரத்தில் பழகும். சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும். சில கடைசிவரை நண்பர்களாகாமல், பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் அமைதியாக இருந்துவிடும்.

அதுவும் தோல்வி இல்லை. ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்பதே அவற்றுக்கு ஒரு துணைதான்.