உழைப்பிலிருந்து உடன்நிற்றல் வரை: அமெரிக்க ‘கிப்’ சார்ட்டர் பள்ளிகளில் கல்லூரி எதிர்பார்ப்பின் வரலாறு (1994–2023)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வறுமை மிகுந்த நகர்ப்புறப் பகுதிகளின் பிள்ளைகளைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் நோக்குடன் 1990களில் உருவான பள்ளிகளுள் ‘கிப்’ பள்ளிகள் முதன்மையானவை. ‘உயர்ந்த எதிர்பார்ப்பு’ என்பது இப்பள்ளிகளின் அடிப்படைக் கொள்கையாகும். அந்த எதிர்பார்ப்பின் பொருள் தேர்வு மதிப்பெண், கல்லூரிச் சேர்க்கை, பட்ட நிறைவு என்று மூன்று படிகளில் மாறிவந்தது. அதனை நிறைவேற்றும் பொறுப்பும் மாணவரிடமிருந்து பள்ளியை நோக்கிப் படிப்படியாக நகர்ந்தது. இவ்விரு மாற்றங்களையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சார்ட்டர் பள்ளி, கிப், எதிர்பார்ப்பு, கல்லூரி ஆயத்தக் கல்வி, பட்ட நிறைவு, பள்ளி ஒழுங்கு.

முன்னுரை

ஒரு பள்ளி தன் மாணவரிடம் எதை எதிர்பார்க்கிறது என்னும் வினா, அச்சமூகம் அம்மாணவருக்கு எந்த இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது என்னும் வினாவோடு பிணைந்தது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வழியினர் ஆகியோரின் பிள்ளைகளைப் பொறுத்தவரை இப்பிணைப்பு மிக இறுக்கமானது. இப்பிள்ளைகள் அனைவரும் கல்லூரிக்குச் செல்வர் என்று அறிவித்துக்கொண்டு தொடங்கப்பட்ட பள்ளிகள் அவ்வறிவிப்பை எவ்வாறு நடைமுறையாக்கின, எந்த அளவுகோலால் தம்மை அளந்துகொண்டன, அளந்தபின் எவற்றை மாற்றிக்கொண்டன என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1. எதிர்பார்ப்பு என்னும் கருத்தின் பின்புலம்

உயர்நிலைப் பள்ளி யாருக்காக என்ற விவாதம் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் 1892இல் அமைந்த பதின்மர் குழு, ஒரு பாடத்தைப் பயிலும் மாணவர் அனைவருக்கும், அவர்கள் பின்னர்க் கல்லூரிக்குச் செல்பவராயினும் வேலைக்குச் செல்பவராயினும், அப்பாடத்தை ஒரே முறையில் கற்பிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1918இல் வெளியான இடைநிலைக் கல்வியின் தலையாய கோட்பாடுகள் பற்றிய அறிக்கையோ தொழில் ஆயத்தத்தையும் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாக வகுத்தது. இதன்பின், மாணவரின் ‘தகுதி’யை முன்கூட்டியே கணித்து வெவ்வேறு பாடப்பிரிவுகளில் அமர்த்தும் வழக்கம் பரவியது.

கறுப்பினத்தவரிடையே இவ்விவாதம் புக்கர் டி. வாஷிங்டன், டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் ஆகிய இருவரின் கருத்து வேறுபாடாக வடிவம் பெற்றது. தொழிற்கல்வியை வாஷிங்டன் முன்னிறுத்தினார். உயர்கல்வியை மறுப்பது உரிமையை மறுப்பதற்கு ஒப்பாகும் என்பது டு பாய்ஸின் நிலைப்பாடு. கல்லூரி என்னும் இலக்கு இம்மக்களிடையே வேலைவாய்ப்பைக் கடந்த பொருளைப் பெற்றதற்கு இதுவே பின்னணி.

எதிர்பார்ப்பு என்பதே ஆய்வுப்பொருளானது 1968இல் ஆகும். ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகியோர் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வு, மாணவர் முன்னேறுவார் என ஆசிரியர் நம்புவது அம்மாணவரின் முன்னேற்றத்தையே பாதிக்கக்கூடும் என்றது. அதன் முறையியல் கடுமையாக விமர்சிக்கப்பட்டபோதிலும் கருத்து நிலைத்தது. 1979இல் ரொனால்டு எட்மண்ட்ஸ், ஏழைப் பிள்ளைகளுக்கு நன்கு கற்பிக்கும் நகர்ப்புறப் பள்ளிகளின் பொதுப்பண்புகளை வகுத்தபோது, எல்லா மாணவரிடமும் வைக்கப்படும் உயர்ந்த எதிர்பார்ப்பை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். பின்வந்த சார்ட்டர் பள்ளிகளின் சிந்தனை முன்னோடி எனக் கருதத்தக்கவர் எட்மண்ட்ஸ்.

2. சார்ட்டர் சட்டமும் புதிய பள்ளியும்

சார்ட்டர் பள்ளி என்பது அரசு நிதியில் இயங்குவது, கட்டணம் பெறாதது, மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் விதிகள் பலவற்றினின்று விலக்குப் பெற்றுத் தனி வாரியத்தால் நடத்தப்படுவது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் மாணவர் தேர்ந்தெடுக்கப்படுவர். விலக்கிற்கு ஈடாக, குறித்த காலத்திற்குள் கல்வி விளைவைக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் உரிமத்தை இழக்க நேரிடும்.

ரே பட் என்னும் கல்வியாளர் முன்வைத்த இக்கருத்தை, அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷேங்கர் 1988இல் நாடறியச் செய்தார். ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து புதிய கற்பித்தல் முறைகளைச் சோதிக்கும் களமாக அவர் அதனைக் கண்டார். 1991இல் மின்னசோட்டா முதற்சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் சார்ட்டர் பள்ளி திறக்கப்பட்டது. இயக்கம் தனியார் நிர்வாகத்தையும் சந்தைப் போட்டியையும் நோக்கிச் சென்றபோது ஷேங்கரே அதன் விமர்சகரானார். 2021இல் ஏறத்தாழ 37 இலட்சம் மாணவர் இப்பள்ளிகளில் பயின்றனர்.

3. கிப்: ஒப்பந்தமாகிய எதிர்பார்ப்பு

1992இல் ‘டீச் ஃபார் அமெரிக்கா’ அமைப்பின் வழியாக ஹூஸ்டன் நகரில் ஆசிரியப் பணியேற்ற மைக் ஃபைன்பெர்க், டேவ் லெவின் என்னும் இளைஞர் இருவர், 1994இல் அந்நகரின் மாவட்டப் பள்ளி ஒன்றிற்குள் ஐந்தாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 50 பேருக்கான தனித்திட்டமாகக் கிப்பைத் தொடங்கினர். எனவே, தொடக்கத்தில் இது சார்ட்டர் பள்ளியன்று. ‘அறிவே ஆற்றல் திட்டம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ‘கிப்’ ஆயின. ஹூஸ்டனின் கறுப்பின ஆசிரியை ஹேரியட் பால் வகுப்பறையில் பயன்படுத்திய தாளப்பாட்டிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. அவருடைய கற்பித்தல் முறையே இருவருக்கும் வழிகாட்டியாக அமைந்தது. 1995இல் லெவின் நியூயார்க்கின் தென் பிராங்க்ஸ் பகுதிக்குச் சென்று இரண்டாம் பள்ளியைத் தொடங்கினார். 2000இல் ‘கேப்’ ஆடை நிறுவனத்தை நிறுவிய ஃபிஷர் இணையரின் 1.5 கோடி டாலர் நன்கொடை இப்பள்ளிகளை நாடு முழுவதும் பரப்ப வழிசெய்தது.

இப்பள்ளிகளில் எதிர்பார்ப்பு எழுத்துவடிவம் பெற்றிருந்தது. மாணவர், பெற்றோர், ஆசிரியர் ஆகிய மூவரும் உறுதிமொழிப் படிவம் ஒன்றில் கையொப்பமிட்டனர். காலை 7.30 முதல் மாலை 5 மணி வரை, நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரம் பள்ளி நடந்தது. சனிக்கிழமை வகுப்புகளும் கோடைகாலத்தில் மூன்று வார வகுப்புகளும் உண்டு. வீட்டுப்பாடத்தில் ஐயம் எழுந்தால் இரவிலும் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைக்கலாம். ஆசிரியரும் கையொப்பமிட்டமையால், எதிர்பார்ப்பு இருதரப்புக் கடமையாகக் கருதப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

பாடத்திட்டத்தில் கணிதத்திற்குத் தனியிடம் இருந்தது. தொடக்ககாலப் பள்ளிகள் எட்டாம் வகுப்பிற்குள் இயற்கணிதத்தை முடிக்க முனைந்தன. இதன் காரணம் அமெரிக்கப் பாட வரிசையில் உள்ளது. எட்டில் இயற்கணிதம் முடித்தவரே வடிவியல், இரண்டாம் நிலை இயற்கணிதம் முதலியவற்றைக் கடந்து பன்னிரண்டில் நுண்கணிதத்தை எட்டுவர். சிறந்த கல்லூரிகளின் சேர்க்கையில் அது எடைமிக்கது. வகுப்பிற்குரிய நிலையில் பின்தங்கி ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை மூன்றே ஆண்டுகளில் அவ்வரிசையில் ஏற்றிவிடுவதற்கே நீண்ட பள்ளிநாள் தேவைப்பட்டது. ஒவ்வொரு வகுப்பும் அம்மாணவர் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் ஆண்டின் பெயரால் அழைக்கப்பட்டது.

இவற்றோடு கடுமையான ஒழுங்கும் கலந்திருந்தது. நிமிர்ந்து அமர்தல், பேசுபவரைக் கண்களால் பின்தொடர்தல் முதலியன பயிற்றுவிக்கப்பட்டன. நடத்தைக்கேற்ப வாரந்தோறும் புள்ளிகள் ‘சம்பளமாக’ வழங்கப்பட்டன. தவறிழைத்தவர் உடன்பயில்வோரினின்று பிரித்து அமர்த்தப்பட்டதும் உண்டு. இத்தகைய பள்ளிகளைச் ‘சாக்குப்போக்கு இல்லாத பள்ளிகள்’ எனச் சுட்டும் வழக்கு, 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் அத்தொடரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்த இரு நூல்களால் வலுப்பெற்றது.

4. மதிப்பெண்ணும் விலகியோரும்

தேர்வு மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொண்டால் இப்பள்ளிகளின் வெற்றி ஐயத்திற்கு இடமற்றது. மேத்தமேட்டிக்கா நிறுவனம் 43 கிப் நடுநிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூன்றாண்டுகள் கழிந்த நிலையில் கிப் மாணவர் கணிதத்தில் 11 மாதமும் வாசிப்பில் 8 மாதமும் கூடுதலாகக் கற்றதற்கு ஒப்பான முன்னேற்றம் அடைந்திருந்தனர். ஆயின், மாணவரின் மனப்பாங்கு, நடத்தை பற்றிய அளவீடுகளில் அத்தகைய முன்னேற்றம் பெரும்பாலும் புலப்படவில்லை. ஒழுங்கே வெற்றிக்குக் காரணம் என்னும் பொதுநம்பிக்கைக்கு இது வலுசேர்க்கவில்லை. நியூயார்க் நகரச் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி வில் டாபி, ரோலண்ட் ஃபிரையர் ஆகியோர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. ஆசிரியருக்கு அடிக்கடி அளிக்கப்படும் கருத்துரை, தரவுவழிக் கற்பித்தல், தீவிரத் தனிப்பயிற்சி, கூடுதல் கற்பித்தல் நேரம், உயர்ந்த எதிர்பார்ப்பு ஆகிய ஐந்தும் பள்ளியின் விளைவோடு தொடர்புடையன என அது கண்டது. எதிர்பார்ப்பு இவ்வைந்தனுள் ஒன்றே. எஞ்சிய நான்கும் பள்ளி வழங்க வேண்டியவை.

மதிப்பெண் கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் கிப் பள்ளிகளைப் பற்றி எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறிக்கை, நான்கு பள்ளிகளில் 2003–04இல் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தோருள் 60 விழுக்காட்டினர் எட்டாம் வகுப்பை முடிக்குமுன் விலகினர் என்றது. நாடளாவிய பின்னைய ஆய்வுகள், கிப்பின் விலகல் விகிதம் அண்டை மாவட்டப் பள்ளிகளைவிட மிகுதியன்று எனக் காட்டின. எனினும், மேல்வகுப்புகளில் காலியாகும் இடங்களை மாவட்டப் பள்ளிகள் நிரப்பிய அளவிற்குக் கிப் பள்ளிகள் நிரப்பவில்லை என்பதையும் அவை பதிவுசெய்தன. எனவே, ‘எல்லா மாணவரும்’ என்னும் தொடர், இறுதிவரை தங்கிய மாணவர் அனைவரும் என்னும் பொருளுக்குச் சுருங்கும் வாய்ப்பு இருந்தது.

5. 2011: அளவுகோல் மாறிய ஆண்டு

கிப் வரலாற்றின் திருப்புமுனை 2011 ஏப்ரலில் அவ்வமைப்பே வெளியிட்ட கல்லூரி நிறைவு அறிக்கையாகும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் கிப்பில் எட்டாம் வகுப்பை முடித்தவர்களுள் 33 விழுக்காட்டினரே நான்காண்டுக் கல்லூரிப் பட்டத்தைப் பெற்றிருந்தனர். தாழ்வருவாய்க் குடும்பப் பிள்ளைகளின் தேசிய அளவான ஏறத்தாழ 8 விழுக்காட்டைவிட இது நான்கு மடங்கு. நாட்டின் மொத்தச் சராசரியைவிடவும் சற்றே உயர்வு. ஆயினும், அமைப்பு தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கு, உயர்வருவாய்க் குடும்பங்களின் நிலைக்கு ஒப்பான 75 விழுக்காடு. பெற்றது அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இவ்வெண்ணை இரு வரம்புகளுக்குள் வைத்தே நோக்குதல் வேண்டும். ஒன்று, எட்டாம் வகுப்பை முடித்தோர் மட்டுமே கணக்கில் வந்தனர். இடையில் விலகியோர் வரவில்லை. மற்றொன்று, அம்மாணவர் அனைவரும் முதலிரு பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். கிப்பின் முதல் உயர்நிலைப் பள்ளி 2004இல்தான் ஹூஸ்டனில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அவர்கள் வேறு உயர்நிலைப் பள்ளிகளுக்கே சென்றனர்.

அறிக்கை உணர்த்திய பாடம் தெளிவானது. மணி அடித்தவுடன் வரிசையில் நிற்கவும், ஆசிரியர் வகுத்த நேரப்படி படிக்கவும் பழகிய மாணவர், நேரத்தைத் தாமே வகுக்க வேண்டிய கல்லூரியில் துணையின்றி நின்றார். கல்விக் கட்டணம், உதவித்தொகைப் படிவம், குடும்பத்திற்குப் பொருளீட்ட வேண்டிய நெருக்கடி, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவரின் தனிமை ஆகியன உழைப்பால் மட்டும் தீர்வன அல்ல. 1998 முதல் சிறிய அளவில் நடந்துவந்த கல்லூரி வழிகாட்டல் பணி, இதன்பின் பள்ளியை விட்டுச் சென்றவரையும் பட்டம் பெறும் வரை தொடரும் பணியாக விரிவடைந்தது. ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் உள்ளிட்ட கல்லூரிகளுடன் உடன்படிக்கைகள் ஏற்பட்டன. எந்தக் கல்லூரியில் ஒத்த தகுதியுடைய மாணவர் மிகுதியாகப் பட்டம் பெறுகின்றனர் என்பதை நோக்கி விண்ணப்பிக்கச் செய்வதும் ஆலோசகரின் பணியாயிற்று.

6. ஒழுங்கின் மறுபரிசீலனை

கடும் ஒழுங்கின்மீதான கண்டனம் 2010களில் வலுத்தது. ஜோன் கோலன் 2021இல் வெளியிட்ட கள ஆய்வு நூல், இத்தகைய பள்ளி ஒன்றில் மாணவரின் ஒவ்வோர் அசைவும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்ததையும், கல்லூரி வேண்டும் தன்முனைப்பும் வினவும் துணிவும் அங்கு வளர இடமின்றிப் போனதையும் விவரிக்கிறது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த இனநீதிப் போராட்டங்களின் சூழலில், கடும் உழைப்பையும் நன்னடத்தையையும் வலியுறுத்திய தன் பழைய முழக்கத்தைக் கிப் அமைப்பு அவ்வாண்டு ஜூலையில் கைவிட்டது. உழைத்தால் உயரலாம் என்னும் கூற்று, உயராதவர் உழைக்காதவர் என்னும் பழியையும் உள்ளடக்கியது. இம்முடிவைக் கண்டித்தோரும் உண்டு. உழைப்பை வலியுறுத்துவதைக் கைவிட்டால் எதிர்பார்ப்பே தாழ்ந்துவிடும் என அவர்கள் அஞ்சினர்.

இவ்விவாதத்திற்கு 2023இல் வெளியான மேத்தமேட்டிக்கா ஆய்வு சான்று தருகிறது. சேர்க்கைக் குலுக்கலில் பங்கேற்றோரை நெடுங்காலம் பின்தொடர்ந்த அவ்வாய்வின்படி, கிப் நடுநிலைப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் தொடர்ந்து பயின்றோர் நான்காண்டுக் கல்லூரியை முடிக்கும் வாய்ப்பு ஒப்பீட்டுக் குழுவினரைவிட 19 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுந்திருந்தது. நடுநிலையோடு விலகி வேறு உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றோரிடம் இத்தகைய பெருவிளைவு காணப்படவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஊட்டப்பட்ட ஊக்கம் தன்னளவில் பட்டம் வரை நீடிக்கவில்லை. உடன்வரும் கல்வியும் துணையும் அதற்குத் தேவைப்பட்டன.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

• கிப் பள்ளிகளில் எதிர்பார்ப்பின் அளவுகோல் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து கல்லூரிச் சேர்க்கைக்கும், அதிலிருந்து பட்ட நிறைவிற்கும் நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வும் முந்தைய வெற்றியின் போதாமையை வெளிப்படுத்தியது.

• மதிப்பெண்ணை உயர்த்திய நீண்ட நேரமும் செறிந்த கற்பித்தலும் பயனுடையன. ஆயினும் பட்ட நிறைவிற்கு அவை மட்டும் போதுமானவையாக இல்லை. கடும் ஒழுங்கின் பங்கு, கருதப்பட்ட அளவிற்குச் சான்றுகளால் உறுதிப்படவில்லை.

• 1994இன் உறுதிமொழிப் படிவத்தில் ஆசிரியரின் கையொப்பமும் இடம்பெற்றிருந்தபோதும், தவறியபோது விளைவை ஏற்றவர் மாணவரே. 2011க்குப் பின்னரே பள்ளி, எட்டாம் வகுப்பிற்கு அப்பால் சிறிய அளவில் இருந்த தன் பங்கைப் பட்டம் பெறும் வரை தொடரும் பணியாக விரிவுபடுத்தியது.

ஒரு பிள்ளையிடம் உயர்ந்ததை எதிர்பார்ப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் மதிப்பே. டு பாய்ஸ் வேண்டியதும் அம்மதிப்பையே. ஆனால் எதிர்பார்ப்பவர் எத்துணைக் காலம் உடன்நிற்கிறார் என்பதே அவ்வெதிர்பார்ப்பின் உண்மையான அளவு என்பதைக் கிப் பள்ளிகளின் முப்பதாண்டு வரலாறு உணர்த்துகிறது.