அலைக்குப் பயந்த குதிரை

போன சீசனில் நிலாவெளிக் கடற்கரைக்கு ஒரு குதிரை வந்தது. உல்லாசப் பயணிகளுக்குச் சவாரி விடலாம் என்று நுவரெலியாப் பக்கமிருந்து லொறியில் கொண்டு வந்திருந்தார்கள். இறக்கின அன்றே பிரச்சினை தெரிந்துவிட்டது. மலையில் வளர்ந்த அந்தப் பெட்டைக் குதிரை அதுவரை கடலைக் கண்டதில்லை. அலை நுரைத்துக்கொண்டு கரையேறியதும் காது இரண்டும் விறைத்து, கண்ணில் வெள்ளை தெரிய, பிடித்திருந்தவரையும் இழுத்துக்கொண்டு பனங்கூடல் வரைக்கும் ஓடிவிட்டது.

ஆளுக்கொரு புத்திமதி சொன்னோம். "நாலு அடி போட்டா தன்னால போகும்" என்றார் ஒருவர். "இழுத்துக்கொண்டு போய்த் தண்ணிக்குள்ள விடுங்க, பயம் தெளிஞ்சிடும்" என்றார் இன்னொருவர். குதிரையைப் பராமரிக்க வந்த பொடியன் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை, ஒன்றையும் செய்யவுமில்லை. "அவசரப்படாதீங்க அண்ணா, அது பார்த்துக்கொள்ளட்டும்" என்றான், அவ்வளவுதான்.

அடுத்த ஒரு மாதம் அவன் செய்ததைப் பின்னேரங்களில் போய்ப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. குதிரையின் காது விறைக்கத் தொடங்குகிற இடம் எதுவோ அதற்கு இரண்டு எட்டு முன்னாலேயே நிற்பான். பிடரி முடியும் இடத்தில் விரலால் சொறிந்துவிடுவான். தலை தாழ்ந்து, வாய் அசைபோடத் தொடங்கினதும் கடலுக்கு முதுகைக் காட்டித் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். கிட்டப் போகவேண்டிய நேரத்தில் ஏன் திரும்புகிறான் என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. பயப்படாமல் நின்றதற்கான கூலியே அந்தத் திரும்பல்தானாம். அடுத்த நாள் நிற்கும் இடம் ஓர் எட்டுக் கிட்டப் போகும். சில நாளில் பின்னுக்கும் போகும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. தமிழர் வரலாற்றில் குதிரைக்குக் குறைவில்லை. சங்கப் பாட்டில் கடல் வழியாக வந்து இறங்குகிறது, கோயில் தூணில் முன்காலைத் தூக்கிப் பாய்கிறது, ஐயனாருக்கு மண்ணில் சுட்டு நிறுத்தப்படுகிறது. வந்து இறங்கின குதிரையின் பயத்தை யார் தெளிவித்தார்கள்?

இலங்கைக் கதையே குதிரைக் கப்பலில்தான் தொடங்குகிறது என்று கூடச் சொல்லலாம். அனுராதபுரத்தைப் பிடித்து 22 வருஷம் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரண்டு தமிழரை மகாவம்சம் குதிரை ஏற்றி வந்த ஒருவனின் மக்கள் என்கிறது. நீதியாக ஆண்டார்கள் என்று மெச்சவும் செய்கிறது. அப்பன் கொண்டு வந்த குதிரைகளைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி இல்லை.

வரி கிடைப்பது 13ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில், பாண்டியரைப் பற்றி. திருகோணமலைக்காரருக்குப் பாண்டியர் தூரத்து ஆட்கள் இல்லை. சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் இரட்டைக் கயலைப் பொறித்ததாகக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. பிரடெரிக் கோட்டை வாசல் கல்லில் அந்த மீன்களை இன்றைக்கும் பார்க்கலாம். கோயிலுக்குப் போகிற அவசரத்தில் நாங்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

அந்தப் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஆச்சரியப்பட்டு எழுதிவைத்த விஷயங்களில் ஒன்று குதிரைச் சாவு. அரசன் வருஷத்துக்கு 2,000க்கு மேல் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், வருஷ முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை. காரணமும் சொல்கிறார்: பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. குதிரை விற்க வந்த வியாபாரிகள் இலாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்களைத் தாங்களும் கூட்டி வரவில்லை, வேறு யாரும் போகவும் விடவில்லை. குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் யாருக்கு விற்பது?

ஈரானிலிருந்து எழுதிய வஸ்ஸாப் இன்னும் கிட்டப் போகிறார். ஜமாலுத்தீன் என்ற வணிகர் வருஷம் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம், ஒன்றின் விலை 220 தீனார் என்று கணக்குச் சொல்லிவிட்டு, வந்து சேர்ந்ததும் நடப்பதை விவரிக்கிறார். கயிற்றாலும் முளையாலும் நாற்பது நாள் இறுக்கிக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் நல்ல வேகமான குதிரை கூட மந்தமாக, உபயோகமில்லாமல், மக்காக ஆகிவிடுகிறது.

வெயில், தீனி, ஈரக்காற்று என்று சாவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். வெளிநாட்டார் எழுதியதை அப்படியே விழுங்கவும் தேவையில்லை. ஆனாலும் அந்த 'மக்கு' என்ற இடத்தில் நாங்கள் நின்றுவிட்டோம். குதிரை இரையாகிற பிராணி. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிவர எல்லாம் தெரியும், நேர் முன்னாலும் நேர் பின்னாலும் கொஞ்சம் மறைவு. பயம் வந்தால் அதற்குத் தெரிந்த மருந்து ஓட்டம் ஒன்றுதான். பல நாள் கப்பலில் கிடந்து, அறியாத கரையில் இறங்கி, காலையும் கட்டிப்போட்டால் அந்த மருந்தும் போய்விடுகிறது. 1967இல் செலிக்மனும் மேயரும் தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி கொடுத்த நாய்கள், பிறகு வழி திறந்திருந்தும் பெரும்பாலும் அசையாமல் கிடந்தன. வெளியே பார்க்கிறவனுக்கு அது அடக்கமாகத் தெரியும். வஸ்ஸாப் கண்ட மக்குத்தனமும் இந்த வகைதானோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மாணிக்கவாசகர் கதையில் நரிகள் பரியாகி வந்து, இரவில் திரும்ப நரியாகி, லாயத்தில் இருந்த மற்றக் குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. பகலில் ஒழுங்காக நடந்து இரவில் லாயத்தை உடைக்கிற புதுக் குதிரைகளைக் கண்ட ஒரு ஊரின் நினைவு அதில் ஒட்டியிருக்குமோ? இது எங்கட ஊகம் மட்டும். பக்தர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

அறிவே இல்லாத காலம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. கிறிஸ்துவுக்கு 4 நூற்றாண்டு முன்பே கிரேக்கத்தில் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறு நூலில் நிலாவெளிப் பொடியன் செய்தது அப்படியே இருக்கிறது. குதிரை ஒன்றைக் கண்டு மிரண்டால் அந்தப் பொருளை நீ முதலில் தொட்டுக் காட்டு, பிறகு மெதுவாகக் கிட்டக் கூட்டிப் போ. அடித்தால் அடியின் வலியும் அந்தப் பொருளும் அதன் மனதில் ஒன்றாகிவிடும் என்கிறார்.

கிழக்கிலும் அந்த அறிவு இருந்தது, குதிரையிடம் இல்லை, யானையிடம். ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்களின் பணிக்கர்கள் காட்டு யானையின் பின்காலில் வார்க்கயிறு மாட்டுவதில் பேர் பெற்றவர்கள். பிடிபட்ட யானையைப் பழக்குவதை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தன் இலங்கை நூலில் விரிவாக எழுதினார். இரண்டு பக்கமும் பழகிய யானைகள் நிற்கும், நடுவில் புதியது. மாதக்கணக்கில் தீனி, குளிப்பு, பழகிய யானைகளின் துணை. இவ்வளவு செய்தும் சில யானைகள் திடீரென விழுந்து செத்ததையும், அது மனமுடைந்து செத்தது என்று ஊரார் சொன்னதையும் குறித்திருக்கிறார். பிடிப்பது கொடுமைதான், அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் பயந்த மிருகத்துக்குப் பக்கத்தில் பயப்படாத ஒன்றை நிறுத்தவேண்டும் என்பது தெரிந்தவர்கள் எங்கட பக்கத்து ஊர்க்காரர்.

அதே காலத்தில் ஜோன் ரேரி என்ற அமெரிக்கர் லண்டனில் பேர் எடுத்துக்கொண்டிருந்தார். குரூசர் என்ற பொல்லாத ஆண் குதிரையை 1858இல் அடக்கிக் காட்டினவர். குடையோ மேளமோ, குதிரையை முதலில் மணந்து பார்க்கவிடு என்பது அவருடைய பாடம். கூட்டத்துக்கு முன்னால் அவர் செய்தது கொஞ்சம் வேறு: முன்காலை வாரால் மடக்கிக் கட்டிக் குதிரையைப் படுக்க வைப்பது. கைதட்டல் கிடைத்தது அதுக்குத்தான்.

பிறகு இந்த முறை மனிதரிடம் வந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சின்னப் பையன் சாப்பிடும் நேரத்தில் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டு வந்தார். இரண்டாம் உலகப் போரில் தென்னாபிரிக்கப் படை வைத்தியராக இருந்த ஜோசப் வோல்ப், போர்ப் பயம் பிடித்த சிப்பாய்களுக்கு அன்றிருந்த மருந்து வைத்தியம் உதவாததைக் கண்டு இதையே ஒரு சிகிச்சையாக வளர்த்து 1958இல் நூலாக்கினார்.

எங்கட ஊரில் இது புத்தக விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26இல் நிலாவெளிக் கரையைக் கடல் அள்ளியபோது எங்கள் குழுவில் பாதிப்பேர் கைக்குழந்தைகள். அதற்கு முன்னும் பின்னும் வெடிச்சத்தம். எங்களில் ஒருவனை எட்டு வயதில் அவனுடைய அப்பா தோணியிலிருந்து தண்ணிக்குள் இறக்கிவிட்டார். மீன்பிடிக்கிற குடும்பம், கடலுக்குப் பயந்த மகன் எப்படிப் பிழைப்பான் என்ற கவலை அவருக்கு. அவன் அழவில்லை, கத்தவில்லை. "பார்த்தியா, பயம் போயிட்டுது" என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவன் மணல் பக்கமே வரவில்லை.

குதிரையைப் பார்க்கத் தினமும் முதலில் போய் நின்றவன் அவன்தான். குதிரை நின்ற தூரத்திலேயே தானும் நிற்பான், கிட்டப் போகமாட்டான். அது திரும்பினால் இவனும் திரும்புவான். நாங்கள் யாரும் அதைப் பற்றி அவனிடம் கதைக்கவில்லை.

ஐந்தாம் கிழமை குதிரையின் குளம்பை நுரை தொட்டது. உதறிக்கொண்டு பின்வாங்கி, திரும்பி வந்து, குனிந்து மணந்து பார்த்தது. சீசன் முடிவதற்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தது. தோணிகளை மூடியிருக்கும் நீலப் படங்கு காற்றில் அடித்தால் மட்டும் கடைசிவரை பயம்தான். ஐப்பசி மழை தொடங்கினதும் லொறியில் ஏற்றித் திரும்ப மலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். எங்கள் நண்பன் இப்போது கணுக்கால் வரை இறங்குகிறான். செருப்பைக் கழற்றுவதில்லை.